கல்யாணப் படத்துக்குப் பின்னால் ஒரு குருவிக்கூடு

கண்ணாடியில் நகத்தால் தட்டுவதுபோல ஒரு சத்தம், "டிக் டிக் டிக்" என்று விடிந்தும் விடியாத நேரத்தில் தொடங்கி, பால்காரர் மணியடித்துக்கொண்டு போகும்வரை விடாமல் கேட்கும்; மர்பி டவுன் வீட்டில் நான் கண் விழித்ததெல்லாம் அந்தச் சத்தத்தில்தான். கழுத்தடியில் கறுப்புப் பூசிய ஆண் குருவி, முன்னறையில் மாட்டியிருந்த சித்தப்பா சித்தியின் கல்யாணப் படத்துக் கண்ணாடியில் தெரிகிற தன் உருவத்தைப் பார்த்து, தன் இடத்தைப் பிடிக்க வேறொருவன் வந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு, கூடு கட்டும் காலம் முழுக்க அதோடு மல்லுக்கு நிற்கும். பெண் குருவிக்கு இந்த வெட்டி வீராப்பெல்லாம் கிடையாது. அது பாட்டுக்கு வாயில் நாரைக் கவ்விக்கொண்டு வந்து, படத்துக்குப் பின்னால் நுழைந்து, வேலையை முடித்துவிட்டு வெளியே போகும். எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்களுடையது "லைன் வீடு": ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாக எட்டுக் குடித்தனம், எட்டுக்கும் ஒரே குழாய், ஒரே நடை, ஒரே குப்பைத் தொட்டி. நீங்கள் நேற்று என்ன குழம்பு வைத்தீர்கள் என்பதை இன்று காலை உங்கள் குப்பையைப் பார்த்தே பக்கத்து வீட்டில் சொல்லிவிடுவார்கள். இரண்டே அறை கொண்ட அந்த வீட்டில் அப்பா, அம்மா, நான் முன்னறையிலும், அப்பாவின் தம்பியும் மல்லிகா சித்தியும் உள்ளறையிலும் இருந்தோம். சித்தப்பா பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். இருட்டோடு எழுந்து கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த சித்தி, பகல் முழுக்க முன்னறையில் பலகையைப் போட்டுக்கொண்டு ஊதுபத்தி தேய்ப்பாள். கை முழங்கை வரைக்கும் கரி மாவு கறுத்திருக்கும். சித்தி கிட்டே வந்தாலே வாசனை வரும், அவள் துடைத்துக்கொண்ட துணியிலும் வாசனை வரும், கடைசியில் குருவிக்கூட்டிலும் அதே வாசனைதான் வந்தது.

அந்தக் காலத்தில் படங்களை இப்போதுபோல் சுவரோடு ஒட்டி மாட்டமாட்டார்கள். கீழ்ச்சட்டம் சுவரில் அடித்த பலகைமேல் உட்கார்ந்திருக்கும், மேல்பக்கத்தைத் தேங்காய்நார்க் கயிற்றால் ஆணியில் கட்டி, கீழே நிற்கிறவர்கள் முகம் பார்க்கும்படி முன்னால் சாய்த்துவிடுவார்கள். பின்னால் ஒரு கை தாராளமாகப் போகும் இடம் கிடைக்கும். குருவிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மழை இல்லை, பூனை எட்டாது, மனிதர் பக்கத்திலேயே இருக்கிறார்கள். காட்டில் போய் வாழத் தெரியாத பறவை அது. நாம் இருக்கும் இடத்தில்தான் அதற்கும் "ஜாகா" வேண்டும்.

பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு நான் அவற்றைப் பார்த்த மாதிரி பாடப் புத்தகத்தைப் பார்த்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன். வைக்கோல், சீப்பிலிருந்து விழுந்த தலைமுடி, சித்தியின் ஊதுபத்திக் குச்சியில் உடைந்த துண்டு, வேப்பிலை, கோழி இறகு என்று கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து திணிக்கும். அது போதாதென்று படத்தைக் கட்டியிருந்த கயிற்றிலேயே உட்கார்ந்து நார் நாராக உருவும். முட்டையிட்ட பிறகு பெரும்பாலும் பெண் குருவிதான் அடைகாக்கும். குஞ்சு பொரிந்துவிட்டால் இரண்டுமே ஓயாமல் பறக்கும். தாங்கள் அரிசியும் ராகியும் தின்றாலும் குஞ்சுகளுக்கு மட்டும் புழுவும் பூச்சியும்தான் கொண்டுவரும். போகும்போது குஞ்சின் எச்சத்தைச் சின்ன வெள்ளைப் பொட்டலம்போல் வாயில் கவ்வி வெளியே கொண்டுபோய்ப் போடும். குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்துவிட்டால் அந்த மரியாதையெல்லாம் போய்விடும், படத்தின் விளிம்பில் ஆரம்பித்து சித்தியின் பலகைவரைக்கும் "கலீஜ்" ஆகும். ஒரு குஞ்சுக்கூட்டம் பறந்து போன சூடு ஆறுவதற்குள் அடுத்ததற்குத் தயாராகிவிடும். ஆணும் பெண்ணும் ஓட்டு விளிம்பில் ஒரே காலையில் பத்துத் தடவைக்கு மேல் சேரும். நான் பார்த்துக்கொண்டே இருந்தால் அம்மா, "அங்க இன்னாடி வேடிக்க, எழுந்து பல்லத் தேய்" என்று விரட்டுவாள்.

குருவி கூடு கட்டிய வீட்டில் சீக்கிரம் தொட்டில் கட்ட வேண்டிவரும் என்று எங்கள் லைனில் எல்லாரும் நம்பினார்கள். அதனால் யாரும் கூட்டைக் கலைக்கமாட்டார்கள். படத்தைத் துடைக்கக்கூட மாட்டார்கள். மனிதக் கை பட்டால் தாய்க் குருவி குஞ்சை ஒதுக்கிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. இந்த இரண்டு நம்பிக்கையும் சேர்ந்து என் சித்தியின் தலையில்தான் விடிந்தது. கல்யாணமாகி ஆறேழு வருஷம் ஆகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. குழாயடியில் குடம் நிரம்பும்வரை பேசுவதற்கு எட்டுக் குடித்தனத்துக்கும் அது ஒரு பொதுச் சொத்து. "குருவிகூட வருஷத்துக்கு மூணு வாட்டி பொரிக்குது, அதும் இவ போட்டோ பின்னாடி," என்று ஒருத்தி சொல்வாள், மற்றவர்கள் சிரிப்பார்கள், சித்தியும் குடத்தைப் பார்த்துக்கொண்டு லேசாகச் சிரித்து வைப்பாள்.

வெளியார் பேசியதைக்கூட விட்டுவிடலாம். என் அம்மா பேசியதுதான் இன்றைக்கும் என்னைக் கூச வைக்கிறது. அம்மா கெட்டவள் இல்லை. சித்திக்கு ஜுரம் வந்தபோது இரவெல்லாம் உட்கார்ந்து பத்துப் போட்டவள். ஆனால் குஞ்சு பொரிந்திருக்கும் நாட்களில் சித்தி அந்தப் படத்துக்கு நேர்கீழே நின்றால், "கொஞ்சம் தள்ளி உக்காரு மல்லிகா, உன் நெழல் அதுங்க மேல விழவேணாம்," என்பாள். சண்டைபோடும் குரலில் அல்ல, உப்பு எடுத்துக்கொடு என்பதுபோலச் சாதாரணமாக. சித்தியும் பலகையைத் தூக்கிக்கொண்டு தள்ளி உட்காருவாள். நிழல் மேலேபோய் எப்படி விழும் என்று யாரும் கேட்கவில்லை.

கூட்டின் பக்கம் போவதில் சித்தப்பா மட்டும் விதிவிலக்கு. தினமும் கம்பெனிக்குக் கிளம்புமுன் முக்காலியைப் போட்டு ஏறி, படத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார். நாங்கள் போர்வைக்குள்ளிருந்து அவர் முதுகை மட்டும் பார்ப்போம். முரட்டு மனுஷர், அதிகம் பேசமாட்டார், அவர் போய் ஒரு குருவிக்கூட்டில் இவ்வளவு உயிராக இருக்கிறாரே என்று எங்களுக்கு ஆச்சரியம். சித்திக்கு அது ஆச்சரியமாக இல்லை. "பாத்தியா கண்ணு, குருவிக் குஞ்சப் பாத்து ஏங்கறாரு. நான்தான் அவருக்கு ஒண்ணும் குடுக்கல," என்று ஒருநாள் என் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னாள். அவள் அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கவும் சித்தப்பாதான் போவார். பக்கத்திலேயே கடை இருந்தாலும் சிவாஜிநகர் வரைக்கும் பஸ் ஏறித்தான் வாங்கி வருவார், அங்கேதான் கறி நன்றாக இருக்கும் என்பார்.

ஒரு கோடை விடுமுறையில் அந்தப் பேச்சு வந்தது. தங்கவயலில் அம்மாவின் சின்ன மாமா மகள் ஒருத்தி இருந்தாள். ஏழைப்பட்ட குடும்பம், இரண்டாம் தாரமாகவும் கொடுக்கத் தயார் என்று ஆள் மூலம் சொல்லிவிட்டிருந்தார்கள். அம்மாவுக்குத் தன் சொந்தத்தில் ஒரு பெண் உள்ளே வருவதில் சந்தோஷம். அப்பாவுக்குத் தம்பி வம்சம் நிற்கவேண்டும். சித்தப்பா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். சித்தி இங்கேயே இருக்கலாம், யாரும் துரத்தவில்லை என்றுதான் எல்லாரும் பெருந்தன்மையாகப் பேசிக்கொண்டார்கள். அதற்கு அவள் பிறந்த வீட்டுச் சம்மதம் வேண்டுமே என்று அவளுடைய அண்ணனை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

அவர் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பை மாம்பழம். முன்னறையில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். அப்பா ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம், அம்மா வாசற்படியில், சித்தி உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு. என்னை வெளியே போகச் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டார்கள். மேலே குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "உன் தங்கச்சி மேல எங்களுக்கு ஒரு குறையும் இல்லப்பா, பிள்ளதான் பாக்கியம் இல்லாம போச்சு," என்று ஆரம்பித்தார். சித்தியின் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். தன் தங்கையால்தான் இந்த வீட்டுக்குக் குறை என்று அவரும் நம்பித்தான் வந்திருந்தார்.

அப்போது வெளியிலிருந்து இன்னொரு ஆண் குருவி உள்ளே வந்தது. நிஜமான போட்டிக்காரன். எங்கள் குருவி கண்ணாடியை விட்டுவிட்டு அதன்மேல் பாய, இரண்டும் பின்னிக்கொண்டு படத்துக்கும் சுவருக்கும் நடுவில் அடித்துப் புரண்டன. எத்தனையோ பருவமாக நார் நாராக உருவப்பட்டிருந்த அந்தக் கயிறு அதற்குமேல் தாங்கவில்லை. கல்யாணப் படம் பலகையைவிட்டுச் சரிந்து, பாயின் நடுவில் முகம் குப்புற விழுந்து உடைந்தது. கூடு அப்படியே பொத்தென்று வந்தது. வைக்கோலும் முடியும் ஊதுபத்திக் குச்சியும் சிதற, இறகு முளைக்காத மூன்று குஞ்சுகள் மஞ்சள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. அவற்றோடு நாலைந்து சின்னத் தகர டப்பாக்களும் விழுந்தன.

ஒரு டப்பா உருண்டு போய்ச் சித்தியின் அண்ணன் முழங்காலில் இடித்து நின்றது. அவர் எடுத்துப் பார்த்தார். மூடியில் அழகாக ஒரு குருவிப் படம். எனக்கு அது குருவிக்கு வாங்கிவைத்த தீனி என்றுதான் தோன்றியது. பெரியவர்கள் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லை. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் துணியை விரித்து, வேரும் பட்டையும் பரப்பி, மைக்கில் பேசி விற்பார்களே, ஆண்களுக்கென்று, சிட்டுக்குருவி லேகியம், அது. ஒன்று பாதி தீர்ந்தது, மற்றவை காலி. காலி டப்பாவை எட்டுக் குடித்தனத்துக் குப்பைத் தொட்டியில் எப்படிப் போடுவது? யாருமே கை வைக்காத இடம் அந்த வீட்டில் குருவிக்கூடு ஒன்றுதான். பழைய டப்பாக்கள் துருவேறி, அவற்றின்மேல் பல பருவத்து எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"மாப்ள, இது எத்தினி நாளா?" என்று சித்தியின் அண்ணன் கேட்டார்.

சித்தப்பா உடைந்த கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். அப்பாதான் அவர் தோளைத் தொட்டு, "சொல்லுடா," என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே சித்தப்பா சொன்னார்: "எங்கிட்டதாண்ணே குறை. கம்பெனி டாக்டரு அப்பவே சொல்லிட்டாரு. கல்யாணம் ஆன ரெண்டாம் வருஷமே."

சித்தி கதவை விட்டு இரண்டடி முன்னால் வந்தாள். அவள் கத்துவாள், அழுவாள் என்று நான் பயந்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்ப, குஞ்சப் பாக்கறதுக்கு ஏறலியா நீங்க?"

இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கேள்வி என் காதில் இருக்கிறது. சித்தி குனிந்து குஞ்சுகளை எடுக்கப் போனாள். பழக்கதோஷத்தில் அம்மா வாயிலிருந்து, "தொடாத மல்லிகா," என்று வந்துவிட்டது. சொல்லி முடிக்குமுன்பே அம்மாவுக்கு உறைத்திருக்க வேண்டும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தி நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு, "இனிமே இன்னாக்கா ஆவப் போவுது," என்று சொல்லி, கரி படிந்த இரண்டு கைகளாலும் குஞ்சுகளை அள்ளினாள். ஊதுபத்தி அட்டைப்பெட்டி ஒன்றில் பழைய கூட்டையே வாரிப்போட்டு, அதில் அவற்றை வைத்து, சித்தப்பா தினமும் ஏறும் அதே முக்காலியில் ஏறி, படம் இருந்த பலகையில் பெட்டியை வைத்தாள். பிறகு சுவரோரம் உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே பேசுவதெல்லாம் வேறு யாரைப் பற்றியோ என்பதுபோல இருந்தாள்.

கீழே என் அப்பா செய்ததைத்தான் நான் சொல்லியாக வேண்டும். அவர் சித்தியின் அண்ணனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தங்கவயல் பேச்சை இதோடு விட்டுவிடுகிறோம், ஆனால் இந்த விஷயம் இந்த நாலு சுவரைத் தாண்டக்கூடாது, வெளியில் தெரிந்தால் என் தம்பி கம்பெனியிலும் லைனிலும் தலை நிமிரமுடியாது என்று கெஞ்சினார். தம்பியின் தலை நிமிர்வதற்கு யார் தலை குனிந்தே இருக்கவேண்டும் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. சித்தியின் அண்ணன் கையை உதறிவிட்டு எழுந்து, "கெளம்பு மல்லிகா, ஊருக்குப் போலாம்," என்றார்.

அந்த நேரத்தில் பெண் குருவி ஜன்னல் வழியாக வந்தது. வாயில் ஒரு பச்சைப் புழு. பலகை ஓரத்தில் உட்கார்ந்து தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தது; பிறகு பெட்டிக்குள் இறங்கியது. குஞ்சுகள் கத்துவது கேட்டது. குருவிக்கு மோப்ப சக்தி அவ்வளவாகக் கிடையாது, கை பட்ட குஞ்சை அது ஒதுக்காது என்பதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை. சித்திக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. "குஞ்சு பறக்கட்டும்ணா, அப்பறம் பாக்கலாம்," என்றாள்.

குஞ்சுகள் இறகு முளைத்துப் பறக்க இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. சித்தி அதற்குப் பிறகும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று என்னால் இன்றுவரைக்கும் சொல்லமுடியாது. சித்தப்பாவோடு பேச்சு ஒரு வருஷம்போல நின்றிருந்தது, பிறகு எப்படியோ வந்தது. அம்மா அவளுக்கு மட்டும் தட்டில் ஒரு கரண்டி அதிகமாக வைக்க ஆரம்பித்தாள், மன்னிப்பு என்ற பேச்சே எடுக்கவில்லை. வீட்டுக்குள் எல்லாம் மாறியது. வெளியே எதுவும் மாறவில்லை. குழாயடியில் அதே பேச்சு, அதே சிரிப்பு. பக்கத்தில் குடத்தோடு நிற்கும் அம்மா வாயைத் திறக்கமாட்டாள். அப்பா கெஞ்சிக் கேட்ட, யாருமே கொடுக்காத அந்த வாக்கை மல்லிகா சித்தி ஒருத்திதான் தினமும் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எனக்கு வளைகாப்பு அதே வீட்டில் நடந்தது. அதற்குள் ஓடு போய் கான்கிரீட் வந்திருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். சித்தி யாரும் சொல்லாமலேயே சமையற்கட்டுக்குப் போய்ப் புளியோதரை கிளறிக்கொண்டிருந்தாள். நான் எல்லார் முன்னாலும் உரக்கக் கூப்பிட்டேன், "சித்தி, நீங்கதான் போடணும்." அவள் கரண்டியோடு கதவோரம் வந்து நின்று, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்த சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். "வேணாம் கண்ணு, நாலு பேரு இருக்காங்க," என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள். அந்த நாலு பேரில் என் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். ஒருவரும் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை. கை நிறைய வளையலோடு நான் வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தேன். சுற்றியிருந்தவர்கள் அதைத் தாய்மையின் நாணம் என்று நினைத்துக் கேலி செய்தார்கள்.

இப்போது அப்பா இல்லை, சித்தப்பாவும் இல்லை. லைன் வீடு இருந்த இடத்தில் மூன்று மாடி. அம்மாவும் சித்தியும் இரண்டாம் மாடியில் ஒன்றாக இருக்கிறார்கள். கல்யாணப் படத்துக்குப் புதுச் சட்டம் போட்டு, சுவரோடு சுவராகத் திருகாணியில் முடுக்கியிருக்கிறது. பின்னால் ஒரு சீட்டுக்கூட நுழையாது. குழாயடி இல்லை, ஊதுபத்திப் பலகை இல்லை, குருவிகளும் இல்லை. ஒரு பருவத்தில் குறைந்தன, இன்னொரு பருவத்தில் அரிதாயின, பிறகு எப்போது நின்றன என்று யாருக்கும் ஞாபகமில்லை. சித்தி பால்கனியில் ஓர் அட்டைப்பெட்டியைக் கட்டிவைத்திருக்கிறாள். பக்கத்தில் புறா உட்காருகிறது, பெட்டி காலியாகவே இருக்கிறது.

அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது. போன மாதம் நான் போயிருந்தபோது புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டுப் பெண் பேசிக்கொண்டிருந்தாள். அவளிடம் அம்மா சித்தியைக் காட்டி, உண்மையான பரிவோடு, "இவதான் பாவம், வயித்துல ஒண்ணு தங்கல. என் கொழுந்தன் தங்கமான மனுஷன், அதுக்காக ஒரு வார்த்த சொன்னதில்ல," என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. உடைந்த கண்ணாடி, உருண்ட டப்பா, சித்தப்பாவின் பேச்சு எல்லாம் அம்மாவின் தலையிலிருந்து போய்விட்டன. பொய் மட்டும் பத்திரமாக இருக்கிறது. நான் வாயைத் திறக்கப்போனேன். சித்தி என் முழங்கையை அழுத்தி, "வுடு, அக்காக்கு இன்னா தெரியும்," என்றாள்.

எதிர்வீட்டுப் பெண் போன பிறகு, பால்கனியில் வைத்துக் கேட்டேன். "சித்தப்பாவும் இல்ல, அப்பாவும் இல்ல. இனிமேலாவது இதை எழுதட்டுமா சித்தி?"

அவள் காலிப்பெட்டியில் இருந்த வைக்கோலைத் தட்டிச் சரிசெய்தாள்.

"எழுது," என்றாள். "அவரப் பத்தி எப்டி வேணா எழுது. என் கை பட்டும் அந்த மூணு குஞ்சும் பறந்துச்சுன்னு மறக்காம எழுது."

மூன்றும் பறந்தன. நான் பார்த்தேன்.